வாசற்படியில் நிற்கிறவருக்கு நாம் பட்ட கடன்



இவ்வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். குற்றம் செய்தவர் வேறு யாருமல்ல, உங்கள் பங்குச் சாமியாரே.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மத்தியான வேளை. கடற்காற்றோடு மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு அடக்கச் சடங்குகளை முடித்துவிட்டு வந்து சற்றே கண் அயர்ந்திருந்தேன். போன் மூன்று முறை அடித்தது, நான் எடுக்கவில்லை. பிறகு அறைவீட்டு வாசலில் மணியடிக்கும் ஓசை கேட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பார்சல் கொண்டுவரும் ஒரு வாலிபர் நின்றுகொண்டிருந்தார். "இந்த நேரத்தில்தான் வரவேண்டுமா? காலையில் வந்தால் என்ன? அங்கே வைத்துவிட்டுப் போ" என்று கடுமையாகச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. பெட்டியைத் திண்ணையின் உட்புறத்தில், சாரல் படாத மூலையில் வைத்தார். போனில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். புதுநன்மைப் பிள்ளைகளுக்காக நான் வரவழைத்த ஞானோபதேசப் புத்தகங்கள் அவை. அட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் குளமாய்த் தேங்கியிருந்தது. தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டியைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். அவர் நனைந்தார், நம் பிள்ளைகளின் புத்தகம் நனையவில்லை. அதற்கு நான் கொடுத்த கூலி ஒரு கோபமான வார்த்தை!

அந்த வெட்கத்தோடு பத்து நாள் கழிந்தது. மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. வழக்கம்போல் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோனேன். கடற்கரை ஓரத்து வீடொன்றில் தனியே இருக்கும் ஒரு விதவைப் பாட்டி உண்டு. மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். தாய்க்கு வேண்டிய மருந்தை அவரே மாதந்தோறும் பணம் கட்டிப் பார்சலில் வரவழைக்கிறார். நன்மை வாங்கிய பிறகு பாட்டி சொன்னாள்: "சாமி, மருந்து கொண்டு வருகிற பிள்ளைக்காக நான் தினம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுகிறேன். அடுக்களையிலிருந்து வாசலுக்கு வர எனக்கு நேரமாகும். ஓடி வராதீங்க பாட்டி, நான் நிக்கிறேன் என்று சொல்லும் அந்தப் பிள்ளை. எனக்குக் கண் தெரியாது. பெட்டியை அதுவே பிரித்து, காலையில் எது, ராத்திரி எது என்று வேறு வேறாக வைத்துத் தரும். மகனுக்குப் போன் போட்டு, மருந்து வந்துவிட்டது என்று சொல்லவும் செய்யும்."

பெயர் என்ன என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது சாமி. சர்வேசுரனுக்குத் தெரியுமே" என்றாள். அடையாளம் சொன்னாள். மழையில் நான் கடிந்துகொண்ட அதே வாலிபர்!

பிரியமான மக்களே, அன்று அந்த வீட்டிலிருந்து திரும்பும்போது என் மனதில் ஓர் எண்ணம் ஓடியது. நானும் ஒன்றைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகிறவன்தான். நான் வரும்போது விளக்கேற்றி வைக்கிறீர்கள், வெள்ளை விரிக்கிறீர்கள், முழந்தாளிடுகிறீர்கள். நான் கொண்டுவருகிறவர் ஆண்டவர் என்பதால் அது தகும், நியாயம். ஆனால் அதே வாசலுக்கு அதே பாட்டியின் உயிர்காக்கும் மருந்தைச் சுமந்து வருகிறவருக்கு ஒரு முகமலர்ச்சிகூட நாம் வைத்திருப்பதில்லையே, இது எந்த நியாயம்?

வேதாகமத்தில் இப்படிப்பட்ட ஒருவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பலரும் அவரை மறந்துவிட்டோம். அவர் பெயர் எப்பாப்பிரோதித்து. பிலிப்பி நகரத்துக் கிறிஸ்தவர்கள், விலங்கிடப்பட்டுக் கிடந்த அர்ச். சின்னப்பருக்கு உதவிப் பொருள்களைச் சேர்த்து இவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அப்போஸ்தலர் அப்போது உரோமாபுரியில் சிறைப்பட்டிருந்தார் என்பது பழைய பாரம்பரியம். தரை வழியும் கடல் வழியுமாக நெடும் பயணம். அந்த ஊழியத்தில் இவர் நோயுற்றுச் சாவின் வாசல் மட்டும் போய்த் திரும்பினார். அப்போஸ்தலர் என்ன செய்தார்? பொருள் வந்து சேர்ந்தது, சரி, என்று சும்மா இருந்துவிட்டாரா? இல்லை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்தில் இவருக்காகவே இடம் ஒதுக்கினார். இவரைத் தம் சகோதரர், உடன் உழைப்பாளி என்று அழைத்தார். இவரை மகிழ்ச்சியோடு வரவேற்கும்படியும், இப்படிப்பட்டவர்களை மதிப்பில் வைக்கும்படியும் கட்டளையிட்டார். பொருள் அனுப்பினவர்களுக்கு மட்டுமல்ல, அதைச் சுமந்து வந்தவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மை எண்ணினார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகத் திருச்சபை அந்தப் பெயரை வாசித்துவருகிறது.

தொபியாஸ் ஆகமத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். கபேல் என்பவரிடம் இருந்த பணத்தை வாங்கிவர, தொபியாஸ் தன் வழித்துணைவரைத்தான் அனுப்பினான். அவர் முத்திரை குலையாமல் பணப்பைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். வீடு திரும்பிய பின்பு தகப்பனும் மகனும் அவருடைய கூலியைப் பற்றிப் பேசினார்கள். பேசின கூலிக்கு மேலாகவே கொடுக்கத் துணிந்தார்கள். அப்போது அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கூலியாள் என்றே எண்ணினார்கள். கூலியாளுக்கே அவ்வளவு மரியாதை செய்தார்கள். பிறகல்லவோ அவர் இரபாயேல் சம்மனசு என்று தெரிந்தது!

இனி, நன்றி என்பது என்ன? விருப்பமிருந்தால் காட்டலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்னும் ஓர் அலங்காரமா? அன்று. 13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், தாம் எழுதிய வேதசாஸ்திரத் தொகுப்பில், நன்றியறிதலை நீதி என்னும் புண்ணியத்தோடு சேர்த்தே வைக்கிறார். அது ஒரு கடன் என்கிறார். அந்தக் கடனுக்கு மூன்று படிகள் உண்டு என்றும் காட்டுகிறார். பெற்ற நன்மையை அறிந்துகொள்வது முதற்படி. வாயால் நன்றி சொல்வது இரண்டாம் படி. தக்க காலத்தில் நம்மால் இயன்ற அளவு திரும்பச் செய்வது மூன்றாம் படி. இவற்றுள் எதைத் தவறவிட்டாலும் நன்றிகேடுதான். ஆனால் பெற்றதை அறியாமலே போவது எல்லாவற்றிலும் பெரிய நன்றிகேடு என்கிறார். இந்த மூன்று படிகளையும் நம் ஊர் வழக்கத்தோடு ஒட்டி யோசிப்போம்.

முதலாவது, அறிந்துகொள்ளுதல்.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ந் தேதி. திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் இலாகா ஒன்று இருந்தது. 1951-ல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு சேர்ந்தது. அந்தப் பழைய நாட்களில் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலைக் கையிலேந்திக் கால்நடையாய் ஓடிவருவார். மணி ஓசை கேட்டால் வழியிலுள்ளவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இன்றோ அவருடைய இடத்தில் வருகிறவர் ஹாரன் அடித்தால், "சந்துக்குள் ஏன் இந்த வேகம்?" என்று முறைக்கிறோம்.

அவருடைய நாள் எப்படிப்பட்டது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? விடியற்காலையில் பார்சல்களைப் பிரித்து அடுக்கி, முதுகில் ஒரு மூட்டையும் வண்டியில் ஒரு மூட்டையுமாகப் புறப்படுகிறார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும், தோப்புக்கும் துறைக்கும் அலைகிறார். நம்முடைய விலாசங்களோ உங்களுக்குத் தெரியும். "குருசடி பக்கம்" என்று எழுதுகிறோம், எந்தக் குருசடி? "கோயிலுக்குப் பின்புறம்" என்று எழுதுகிறோம், எந்தக் கோயில்? ஒரே தெருவில் ஐந்து அந்தோணி, எட்டு மரியாள். பட்டப்பெயர் தெரியாமல் நம் ஊரில் வீடு கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவுக்கும் பல இடங்களில் இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கொடுத்து முடித்த பார்சலுக்கே கூலி. ஆள் இல்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் பெட்ரோலும் நஷ்டம், நேரமும் நஷ்டம்.

இங்கேதான், பிரியமானவர்களே, நான் சொல்ல வந்த காரியம் இருக்கிறது. அந்த வாலிபர் பாட்டி நடந்து வருமட்டும் வாசலில் நிற்கும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. மருந்தைப் பிரித்து வைப்பதற்கும், மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்துவதற்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை. பார்சலைச் சேர்ப்பது அவருடைய வேலை. அந்தக் கரிசனமோ தன் கூலியிலிருந்து அவர் எடுத்துக் கொடுக்கிற தர்மம். நம்மிலும் ஏழையான ஒருவர் நமக்குத் தர்மம் செய்கிறார். நாமோ அது நமக்கு வரவேண்டிய பாக்கி என்று எண்ணி வாங்கிக்கொள்ளுகிறோம்.

இவர் ஒருவரே இப்படி என்று நினைக்கவேண்டாம். நம் அயல் மாவட்டமான திருநெல்வேலியில், பாபநாசம் மேலணைக் கிளை அஞ்சலகத்தின் தபால்காரர் ஒருவரைப் பற்றி 2021-ல் பத்திரிகைகள் எழுதின. மலைக்குள்ளே இஞ்சிக்குழியில் வாழும் காணி குலத்து மூதாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகையைச் சேர்க்க, அவர் காரையாறு அணையைப் படகில் கடந்து, அப்பால் புலிகள் காப்பகக் காட்டினுள்ளே நடந்து போய்வந்தார். நீலகிரியில் குன்னூர்ப் பக்கம், சிவன் என்னும் தபால்காரர் யானையும் கரடியும் திரியும் காட்டு வழியில் தினம் 15 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்துவந்தார். 2020-ல் அவர் ஓய்வுபெற்ற செய்தி வெளிவந்தபோதுதான் நாடு அவரை அறிந்துகொண்டது. அவ்வளவு வருஷம் அவரை அறிந்தவர்கள், காட்டோரத்தில் கடிதத்துக்குக் காத்திருந்த ஏழைகள் மாத்திரமே.

அதே 2020-ல் கொள்ளைநோய் வந்து, நாமெல்லாரும் கதவடைத்து இருந்தோம். அப்போது கதவுக்கு வெளியே நடமாடினவர்கள் யார்? மார்ச் 27-ந் தேதி மாலை, மழையில் நனைந்து ஆளில்லாமல் கிடந்த அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் பாப்பு பிரான்சிஸ் தனியே நின்று ஜெபித்தார். அன்று அவர் மருத்துவரையும் தாதியரையும் மட்டும் நினைவுகூரவில்லை. கடைகளில் வேலைசெய்கிறவர்களையும், துப்புரவு செய்கிறவர்களையும், போக்குவரத்து ஊழியர்களையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார். நாம் மறந்த பெயர்களைத் திருச்சபை தன் ஜெபத்தில் வைத்தது.

இரண்டாவது, நன்றி சொல்லுதல்.

பத்துக் குஷ்டரோகிகள் சொஸ்தமானார்கள். திரும்பிவந்து நன்றி சொன்னவன் ஒருவன். அவனும் சமாரியன், அந்நியன் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று நமது ஆண்டவர் கேட்டார். அந்த ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அவசரம், குருக்களிடம் போகவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும். நம் நன்றிகேடும் பெரும்பாலும் அவசரத்தால் வருகிறதே தவிர, கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆனாலும் ஆண்டவர் அதைக் கவனித்தார்.

நான் மறுவாரம் அந்த வாலிபரைத் தேடிப் பிடித்தேன். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். நம் ஊர் இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி. மழையில ஆருக்கும் கோவம் வரும்" என்றார். உங்களுக்கு நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "போன் எடுத்தா போதும் சாமி. எடுக்கலைன்னா அந்த வீட்டுக்கு மூணு தடவை வரணும்" என்றார். அவ்வளவுதான். அவர் கேட்டது பணமல்ல, பரிசுமல்ல. போனை எடுப்பது! மூன்று முறை அடித்தும் எடுக்காமலிருந்தவன் நான் என்பதை அவர் சொல்லிக்காட்டவுமில்லை.

இங்கே தாய் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. படிக்காத பிள்ளையைத் திட்டும்போது, "நீ பார்சல் சுமக்கத்தான் லாயக்கு" என்கிறீர்கள். நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பட்டம் படித்த பிள்ளைகளும் இன்று இந்த வேலை செய்துதான் வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லுகிற அதே வேளையில் வாசலில் ஒருவர் பார்சலோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். உழைத்து உண்ணும் தொழிலில் இழிவு இல்லை. நமது ஆண்டவரே தச்சன் பட்டறையில் கை காய்த்தவர் அன்றோ?

சிலர் கேட்பீர்கள்: "சாமி, எல்லாரும் அப்படியா? பெட்டியை மதிலுக்கு மேலே எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டே?" உண்டு. மறுக்கவில்லை. அவர்களைப் புகழச் சொல்லவில்லை; தவறு செய்தால் தன்மையாகச் சொல்லித் திருத்தலாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கெட்டது நடந்தால் அதே நிமிஷத்தில் போனில் முறையிடுகிறோம், ஒற்றை நட்சத்திரம் போடுகிறோம். நல்லது நடந்தால் அதே போன் நம் கையில் இருந்தும் விரல் அசைவதில்லை. நம் விரல் நுனியில் ஒருவருடைய பிழைப்பு தொங்குகிறது என்பதை மறக்கலாகாது. கோபத்தில் போடும் பொய்யான புகாரும், பிறர்மேல் சொல்லும் பொய்ச்சாட்சிதான். எட்டாம் கற்பனை போனுக்கும் உண்டு.

மூன்றாவது, திரும்பச் செய்தல்.

அர்ச். யாகப்பர், கொடாமல் பிடித்துவைத்த கூலி சர்வேசுரனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறார். 1891-ல் பாப்பு பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நீதியான கூலியைப் பற்றி உலகுக்கே நிருபம் எழுதினார். 2025-ல் பாப்பு பதவியேற்ற பதினான்காம் சிங்கராயர், அந்த நிருபத்தை நினைத்தே தாம் இப்பெயரைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். இயந்திரமும் கணிப்பொறியும் வேலையை மாற்றுகிற இக்காலத்தில், உழைக்கிறவனின் மதிப்பைக் காப்பது திருச்சபையின் கடமை என்பது அவர் கருத்து.

அரசாங்கமும் மெல்லக் கண் திறந்திருக்கிறது. போன் வழியாக வேலை வாங்கப்படும் இப்படிப்பட்ட தொழிலாளர் 2020-21-ல் இந்தியாவில் 77 இலட்சம் பேர் என்று நிதி ஆயோக் கணக்கிட்டது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2023-ல் இவர்களுக்கென்று ஒரு நலவாரியம் அமைக்கப்பட்டது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்கள் சற்று இளைப்பாற ஓர் அறை திறந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் நம் வாசலில் நிற்கிற மனிதனைச் சட்டம் உட்காரச் சொல்லாது, நாம்தான் சொல்லவேண்டும்.

ஆனபடியால் நம் பங்கில் செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொல்லுகிறேன்.

போன் வந்தால் எடுங்கள். வீட்டில் இருக்கமாட்டீர்களானால் முன்கூட்டியே சொல்லி, அயல் வீட்டில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். விலாசத்தில் வீட்டு எண்ணையும், குருசடியின் பெயரையும் முழுமையாக எழுதுங்கள். பணம் கொடுத்து வாங்குகிற பார்சலானால் சில்லறையோடு ஆயத்தமாய் இருங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். மத்தியானத்தில் வருகிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஒரு கிண்ணம் கொடுத்தாலும் அதன் பலன் வீண்போகாது என்று வாக்களித்தவர் நம் ஆண்டவர். "நீ, வா, போ" என்று பேசவேண்டாம். வயதுக்குத் தக்கபடி தம்பி என்றோ, அண்ணன் என்றோ, பெண்ணாயிருந்தால் தங்கச்சி என்றோ அழையுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கணவன்மாரும் பிள்ளைகளும் வாரக்கணக்காய் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறார்கள். எத்தனையோ பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்நியத் துறைமுகத்தில் அவர்களுக்கு யாராவது ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கமாட்டார்களா என்று நாம் ஏங்குகிறோம். 2017-ல் ஒக்கிப் புயலில் கரை தப்பி ஒதுங்கினவர்களுக்கு, முன்பின் தெரியாத மனிதர் சோறும் உடையும் கொடுத்தார்களே, அதை நம் கடற்கரை மறக்காது. நம் வாசலில் நிற்கிறவரும் ஒரு தாயின் பிள்ளை. அவருக்காக ஏங்கும் வீடும் ஒன்று உண்டு.

கோயில் மதிலோரத்து மரநிழலில் ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைக்க வின்சென்ட் தே பவுல் சபையார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கோயில் வளாகத்துக் கழிப்பறை இனிமேல் பகலெல்லாம் பூட்டப்படாது. எந்த மதத்தவரானாலும், தபால்காரரும் பார்சல் கொண்டுவருகிறவர்களும் கேளாமலே வந்து இளைப்பாறலாம். வழியில் கண்டால் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் ஒரு அருள்நிறை மந்திரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். கண் தெரியாத அந்தப் பாட்டி, பெயர் தெரியாமலே தினமும் அதைச் சொல்லிவருகிறாள். நன்றியின் மூன்று படிகளையும் எனக்கு முந்தி ஏறினவள் அவள். செமினாரியில் அர்ச். தோமாஸின் நூலைப் படித்தவன் நான்; அதன்படி நடக்கிறவள் அவள்.

இப்போது அவளுக்கு அந்தப் பிள்ளையின் பெயரும் தெரியும். நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சாமி